மாதுளை மட்டும்

"மாதுளை மட்டும் சிவப்பு.
மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை."
மாப்பிள்ளை அர்ஷாக் அனுப்பிய குரல்செய்தி
பதினோரு நொடி.
அதில் நான்கு நொடி இருமல்.

ஸ்டூடியோ ஷட்டரை இறக்கி
ஹீட்டர் மேல் கையுறையைக் காயப்போட்டுவிட்டு
உட்கார்கிறேன்.
கறுப்புக் கல்லும் செம்மண் நிறக் கல்லுமாய்க் கட்டிய ஊர்
கியூம்ரி.
டிசம்பர் வந்தால் பாதி வேலையைப்
பனியே முடித்துவிடும்.
மீதிக்கு என்னைக் கூப்பிடுவார்கள்.

படம்: மண்டப வாசல்.
மணப்பெண் வார்துஹி
மாதுளையை எறிந்து உடைத்த மறுகணம்.
முத்துகள் இன்னும் காற்றில்.
மாமியாரின் வாய் இன்னும் திறந்தபடி.

ஒரே படத்தை இரண்டாக அடுக்குகிறேன்.
கீழே உள்ளது உள்ளபடி.
மேலே சாயம் போனது.
மேலடுக்குக்கு ஒரு முகமூடி போட்டு
அதில் கறுப்புத் தூரிகையால் தேய்த்தால்
தேய்த்த இடம் திறந்து
அடியிலிருக்கும் சிவப்பு எட்டிப்பார்க்கும்.
கறுப்பைப் பூசினால் நிறம் வருகிற தொழில்.
என் கணவன் ஸ்மபாட்டுக்கு
ஆறு வருடமாக விளக்குகிறேன்.

மாதுளை எங்கே முடிகிறது
என்பதில்தான் சிக்கல்.
தோல், சரி. முத்து, சரி.
படிக்கட்டில் தெறித்த சாறு?
மாமியாரின் வெள்ளைச் செருப்பில் ஒரு துளி?
(சாம்பலாக்கினால் சேறு என்பாள்.)

சோம்பல் வந்து
"சிவப்பையெல்லாம் பிடி" என்று
கம்ப்யூட்டரிடமே விட்டேன்.
எறும்புச் சாரையாய்க் கோடு ஊர்ந்து
பழத்தை வளைத்தது,
சுவரில் மாட்டிய தீயணைப்புக் குடுவையை வளைத்தது,
யாரோ ஒரு மாமாவின் மூக்கை வளைத்தது.
பிறகு
இரண்டு மெல்லிய வளையம்.
வார்துஹியின் கண்ணோரம்.

பெரிதாக்கினேன், நானூறு சதவீதம்.
பவுடர் அங்கே கொஞ்சம் தடிப்பு.
கண் சிவக்க ஆயிரம் காரணம்:
தூக்கமில்லை, புகை, பனிக்காற்று.
அழுகை என்று கம்ப்யூட்டர் சொல்லவில்லை.
சிவப்பு என்று மட்டும்தான் சொன்னது.

சாம்பலாக்கினால் போதும்,
சிரிப்பு மட்டும் மிஞ்சும்.
காசு தருவதே அதற்குத்தானே.

மாமாவின் மூக்கை விடுவித்தேன்.
குடுவையை விடுவித்தேன்.
கண்களையும் சாம்பலுக்குள் அனுப்பிவிட்டு
கொஞ்ச நேரம் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தேன்,
சர்க்கரை போடாத டீயை.
பிறகு தூரிகையின் அடர்த்தியைக் குறைத்துக் குறைத்து
ஆறு சதவீதத்தில் நிறுத்தி
இரண்டு கண்ணுக்கும்
ஒவ்வொரு இழுப்பு.
தள்ளி உட்கார்ந்து பார்த்தால்
ஒன்றும் தெரியாது.

காலையில் அர்ஷாக்:
"பிரமாதம். பழம் இன்னும் கொஞ்சம் சிவக்கலாமா?"
சிவக்க வைத்தேன்.

பிற்பகல் மூன்றுக்கு
தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம்.
அதே படத்தில் வெட்டிய துண்டு, கண்கள் மட்டும்.
கீழே ஒரு கேள்விக்குறி.

ஏதோ அடித்தேன், அழித்தேன்.
இன்னும் பதில் போடவில்லை.
அடுக்குகளை ஒன்றாக்காமல்
கோப்பை அப்படியே சேமித்து வைத்திருக்கிறேன்.