நாயில்லாத வார்

பட்டியலில் ஐந்து எண்கள்.
முதலாவது உபயோகத்தில் இல்லை.
இரண்டாவது, ஜூன் வரை
புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்றது.
மூன்றாவதில் ஓர் ஆண் குரல்
என் காப்பீட்டு எண்ணைக் கேட்டுவிட்டு
பியானோவைப் போட்டுவிட்டுப் போய்விட்டது.
பதினோரு நிமிடம்.
இருந்த உருளைக்கிழங்கை எல்லாம் உரித்து முடித்தேன்.

நான்காமவர் வின்னிபெக்கில்.
முந்நூறு கிலோமீட்டர்.
அழுதுகொண்டே போய்ச் சேர்ந்தால்
அங்கே சொல்ல என்ன மிச்சமிருக்கும்?

ஐந்தாவதின் முகவரியைப் படித்துச்
சிரித்துவிட்டேன்.
மெயின் தெரு, இரும்புக்கடை மாடி.
மூன்று குளிர்காலமாய் விடியுமுன்
அந்தப் படிக்கட்டின் காலடிவரை
பனியை வழித்துத் தள்ளுகிறவள் நான்தான்.
மேலே பல் டாக்டர் என்று நினைத்திருந்தேன்.

இந்த ஊரில் வண்டி நின்ற இடம்தான் செய்தி.
மருந்துக்கடை என்றால் சளி. வங்கி என்றால் கடன்.
மைக்கோலா மதுக்கடை முன் நிறுத்தியதை
அவன் வீடு போய்ச் சேருமுன்
மூன்று பேர் அவன் மனைவிக்குச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே கால்நடை மருத்துவமனை முன் நிறுத்திவிட்டுப்
பின்சந்து வழியே நடந்தேன்,
கையில் நாய் வாரோடு.

"புர்க்கோ எப்படி இருக்கு?"
எதிரே ஹ்ரினிக் அம்மாள்.
"உள்ளே இருக்கு" என்றேன்.
பொய்யில்லை.
நவம்பரில் செத்தது.
மண் பாறையாய் இறுகிவிட்டது, தோண்ட முடியவில்லை.
கொட்டகைக்கு உள்ளே,
பச்சைப் போர்வைக்கு உள்ளே இருக்கிறது,
ஏப்ரலுக்குக் காத்துக்கொண்டு.

டாம்சின் ஓகிமாவ் பூட்ஸைக் கழற்றச் சொன்னாள்.
என் இடது காலுறையில் பெருவிரல் எட்டிப்பார்த்தது.
அவளுடையதிலும்.
என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன்.
"நாலு மணிக்குக் கேட்கிற அந்தச் சத்தம் நீங்களா?
பின்னறையில்தான் இருக்கிறேன்.
தூக்கம் வராத நாளில் அதைக் கேட்டால்
யாரோ ஒருத்தர் விழித்திருக்கிறார் என்று இருக்கும்."

சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்திருந்தது.
வாரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மடியிலேயே வைத்துக்கொண்டேன்.
அவள் அதைப் பார்த்தாள், கேட்கவில்லை.

நாயிலிருந்து தொடங்கினேன்.

நேரம் முடிந்தபோதும்
நாயிலேயே இருந்தேன்.
என்ன சாப்பிடும், எந்தக் காதில் தழும்பு,
இடியென்றால் எங்கே போய் ஒளியும்.
தம்பியின் பெயர்
ஒரு தடவைகூட வரவில்லை.

அடுத்த வியாழன், மூன்று மணி
என்று பென்சிலால் எழுதினாள்.

வியாழனுக்குக் கடும்பனி என்கிறார்கள்.
அவள் படிக்கட்டை
கடைசியாக வழிக்கலாம் என்றிருக்கிறேன்.