மாய் அவ்வல்

நவம்பர். வஃப்ராவில் கோடை முழுக்கப்
பூட்டிக் கிடந்த தீவனக் கொட்டகை.
துடைப்பத்தோடு உள்ளே நுழைந்தவனைச்
சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தாள்
முனீரா டாக்டர்.

"மாய் அவ்வல்." முதலில் தண்ணீர்.

எலி மூத்திரம் காய்ந்தால் தூசியாகுமாம்,
பெருக்கினால் எழும்புமாம்,
எழும்பியதில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று
மூக்கு வழியாகப் போய்
நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ குடியேறலாம்.
கதவைத் திற. அரை மணி நேரம் தள்ளி நில்.
பிளீச் தண்ணீர் தெளி. ஊறவிடு. துணியால் வழித்தெடு.

பதினாறு வருஷம் இந்த நாட்டில் பெருக்கியிருக்கிறேன்.
சரியாகப் பெருக்கவில்லை என்றுதான் திட்டுவார்கள்.
பெருக்காதே என்று கேட்டது
இதுதான் முதல் தரம்.

ராத்திரி ரிம்த் புதர்களுக்கு அடியில்
நாற்பது தகரப் பொறி வைத்தோம்.
விடியும்போது மூன்று மூடியிருந்தன.
ஒன்றில் வண்டு. ஒன்றில் காற்று.
ஒன்றில் அது: மணல் நிறம்,
வால் நுனி மட்டும் மை தொட்ட கறுப்பு.
துணிப்பையில் தொங்கவிட்டு நிறுத்தாள், அறுபத்தெட்டு கிராம்.
நான் எழுதினேன்: ஆண். பல் சரி. காதில் உண்ணி இரண்டு.
ஒரு சொட்டு ரத்தம், தாளில் ஒற்றி எடுத்தாள்.

"உள்ளே இருந்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது,"
முகமூடிக்குள்ளிருந்து சொன்னாள்,
"ஒரே வளையில் ரெண்டும் ரொம்ப நாள் பழக்கம்.
புதுசாக வந்தவன் நீதான்."

எனக்கும் இப்படித்தான் எடுத்தார்கள்.
சட்டையைக் கழற்று, மூச்சை இழு, பிடி,
முழங்கை மடிப்பில் ஊசி.
ஃபிட் என்று முத்திரை விழுந்தது.
எனக்குப் பின்னால் நின்ற கருத்தப்பாண்டிக்கு விழவில்லை,
நெஞ்சுப் படத்தில் ஏதோ நிழல்.
எட்டாம் நாள் விமானம்.

எலியைப் பிடித்த புதரிலேயே விட்டோம்.

ஜலீபில் எங்கள் அறைக்குப் பத்துக் கட்டில்.
அரிசி மூட்டைக்குப் பின்னால் ஓடுவதை
யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.
போன மாசம் சவரிராயனுக்கு நாலு நாள் காய்ச்சல், இடுப்பு வலி.
பனடோல் போட்டான், எழுந்துவிட்டான்.
என்ன காய்ச்சல் என்று யாரும் கேட்கவில்லை.
அவனும் கேட்கவில்லை.

இன்று பெருக்கும் முறை அவனுக்கு.
கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பு, கையில் துடைப்பம்.
காலைப் பிடித்து இழுத்தேன்.
"மாய் அவ்வல்!"
"எங்கிட்ட எதுக்குடா அரபி?" என்றான், தும்மிக்கொண்டே.

குழாயைத் திருகினேன்.
ஒரு இருமல், அப்புறம் காற்று.
மாடித் தொட்டி காலி, லாரி நாளைக்குத்தான்.

கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு
ரெண்டு பேரும் வராந்தாவில் நின்றோம்.