ரஸ்தாவில் இரவு ஷிப்ட்

கைக்கருவியில் எட்டுப் பொத்தான்.
பைக் பொத்தானில் எழுத்தே அழிந்துவிட்டது.
மாட்டுவண்டிப் பொத்தான் பளபளவென்று இருக்கிறது.

எனக்குத் தேவகோட்டை போகிறவை,
எதிர்ப்புறம் சேவுகனுக்குக் காரைக்குடி போகிறவை.
லாரி வந்தால் நெற்றியில் எழுதியதைப் படிக்காதே,
அச்சை எண்ணு என்பார் அடைக்கலம் சார்.
தூக்கிவைத்த சக்கரமும் கணக்குதான்.

பதினொன்றே காலுக்குப் புதுவயல் அரிசி,
மூன்றச்சு, மூன்றச்சு, மறுபடி மூன்றச்சு.
பின்னால் ஒரு டிராக்டர்
செத்த காரைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போனது.
ஒன்றா, இரண்டா?
சேவுகன் டார்ச்சை இரண்டு தரம் மின்னினான்.
நான் ஒன்றுதான் அழுத்தினேன்.
காருக்குள் ஒருவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
ரொம்பக் கவனமாய் ஓட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவே
என்னிடம் ரோடு இல்லை.
விழித்தபோது படிவத்தில்
இரண்டு கட்டம் வெள்ளையாய்.

முந்தின கட்டத்தைப் பார்த்து எழுதினேன்:
பைக் நாலு, லோடு ஆட்டோ ஒன்று,
மூன்றச்சு லாரி ஆறு.
அடுத்ததிலும் ஆறு என்றால் சந்தேகம் வரும்,
ஐந்தாக்கினேன்.

நம்பர் பிளேட் இல்லாத பதினோரு லாரிகள்.
டிரைவர் இல்லை, டீ குடிக்க நிற்காது.
ஆனால் கனம் உண்டு.
எங்கோ ஓர் அலுவலகத்தில்
அவற்றையும் ஏற்றித்தான்
தார் எத்தனை அங்குலம் என்று முடிவாகும்.

விடிந்ததும் சேவுகன் ரோட்டைக் கடந்து வந்தான்.
'மூணரைக்கு உனக்கு எத்தனை லாரி?'
'ஆறு. அப்புறம் அஞ்சு.'
தாளைப் புரட்டிப் பார்த்து
'எனக்கும் அதேதான்' என்றான்.
அவன் கன்னத்தில்
வட்டம் வட்டமாய்
எட்டுத் தடம்.