லாச்சி

பன்னிரண்டாம் நம்பர் மலையில்
கான் தாண்டும்போது
பாதம் சேற்றில் நின்றது, உடம்பு திரும்பியது.
உள்ளே மிலாறு முறிந்த மாதிரி ஒரு சத்தம்.
அடுத்த நிரையில் நின்ற ஞானமேரிக்கும் கேட்டதாம்.

வீக்கம் பத்து நாளில் வடிந்தது.
ஏற்றத்தில் ஒன்றுமில்லை.
இறக்கத்தில்தான்,
கொழுந்து தலையில் கனக்க இறங்கும்போதுதான்
முழங்கால் என்னைக் கேட்காமல்
கொஞ்சம் முன்னால் போய்விட்டு வரும்.
மூன்று மாதம்
அரைப் பேர்.

கண்டியில் டாக்டர் விமலசூரிய
என் பாதத்தின்மேல் குந்திக்கொண்டு
காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.
கீழெலும்பு வழுக்கி வந்தது.
"பாருங்க, மேசை லாச்சி," என்றார் தமிழில்.
படிக்க வந்த பிள்ளைகள் ஆறு பேரும்
ஆளுக்கொரு தரம்
திறந்து மூடிப் பார்த்தார்கள்.

அறுந்ததைத் தைத்தால் நிற்காதாம்.
தொடையின் பின்புறம் இரண்டு நரம்பு உருவி
(நரம்பில்லை, நாண் என்று திருத்தினாள் நர்ஸ்)
நாலாய் மடித்து
எலும்பில் மேலொன்று கீழொன்றாய்த் துளை போட்டு
இழுத்துக் கட்டித் திருகுவார்களாம்.

முதுகில் ஊசி.
இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
திரையில் பார்த்தேன்:
என் காலுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.
நனைந்த சாக்கு நூல் போல
அறுந்தது ஆடிக்கொண்டிருந்தது.
துறப்பணம் ஓடியபோது
கட்டில் மட்டும் நடுங்கியது.

எட்டாம் வாரம் வலி போய்விட்டது.
பெரட்டுக்குப் போகப் படங்கைக் கட்டிவிட்டேன்.
பிசியோ மிஸ் ரிஸ்னா போனில் கத்தினாள்:
"இப்பதான் அது ஆகப் பலவீனம்.
இடம் மாத்தி வச்ச நாண் முதல்ல சாகும்,
பிறகுதான் ரத்தம் புடிச்சு எழும்பும்.
வலிக்கலைங்கிறத நம்பாதீங்க."

இதைக் கணக்கப்பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?
வலித்தால் லீவு, வலிக்காவிட்டால் மலை.
அவர் கொப்பியில் மூன்றாம் பத்தி கிடையாது.

படங்கை அவிழ்த்தேன்.
குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துவாய்,
முழங்காலை அமுக்கி, பத்து எண்ணி, விட்டு,
மறுபடி பத்து.
கடையில் கடன் ஏறியது.
தொடையில் சதை ஏறியது, மெதுவாக.

பத்தாம் மாதம் டாக்டர் மறுபடி குந்தினார்,
இழுத்தார்.
லாச்சி திறக்கவில்லை.
"ஹரி," என்றார், அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நேற்று அதே கான்.
ஞானமேரி தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.
கால் தயார் என்றுதான் நினைக்கிறேன்.
பலகை கிடக்கும் இடம்வரை
சுற்றிப் போனேன்.

சாயங்காலம் தராசில் பதினேழரைக் கிலோ.
பேருக்குப் பதினெட்டு.
கணக்கப்பிள்ளை தராசை விட்டு
என் காலைப் பார்த்தார்.