அடையாள அட்டை கேட்கும் தோல்

குளிசை வயிற்றைத் தின்றது.
நெஞ்சுக்குழியில் வெல்டிங் பொறி
இரவிரவாய்ப் பறந்தது.
கன்னியாவின் ஏழு கிணற்றிலும்
வாளி வாளியாய் அள்ளி ஊற்றினேன்,
முழங்கால் மசியவில்லை.

பெரியாஸ்பத்திரி, பதினோராம் அறை.
டொக்டர் ரிஸ்மியா, மூதூர்க்காரி,
ஒட்டுத்தாள் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தா.
முத்திரையை விடக் கொஞ்சம் பெரிது.
"இதுக்குள்ள மருந்து
கொழுப்புச் சட்டை போட்டிருக்கு, ஐயா.
ஒரு தலைமயிரின் தடிப்புக்குள்ள
ஆயிரம் உருண்டை
தோளோடு தோள் நிக்கும்."
எனக்கு மயிரே இல்லையே என்றேன்.

"மேல்தோல் முழுக்கச் செத்த கலம்.
கல்லுக் கல்லாய் அடுக்கி,
இடையில கொழுப்புச் சாந்து.
ஆரையும் லேசில உள்ள விடாது.
அந்தச் சாந்துக்குள்ளால
சாந்து மாதிரியே உடுத்தினது நுழையும்."

எனக்கு உடனே பிடிபட்டது.
சைக்கிளை உருட்டிக்கொண்டு
தினமும் நான் கடந்த
சீனக்குடாச் சாவடி அது.
மணல்மூட்டை மேல் மணல்மூட்டை,
நடுவில் ஒரு ஆள் ஒடுங்கிப் போகும் சந்து.
உடுப்புச் சரியெண்டால் போ.
அட்டையில் ஊர் பிழையெண்டால்
வெயிலில் நில்.

இடது தோளில் ஒரு இரும்புத்துண்டு இருக்கிறது,
அரிசிமணியில் பாதி.
இரண்டாயிரத்தாறில் வந்தது.
அதனிடம் இந்தத் தோல்
ஒன்றும் கேட்கவில்லை.
சொன்னேன்.
டொக்டர் பேனையை மூடி வைத்தா.
கொஞ்சம் பொறுத்து
மற்றக் காலையும் காட்டச் சொன்னா.

முதல் தாள் ஒட்டிய கிழமை கச்சான் அடித்தது.
வியர்வையில் வழுகி, படுக்கையில் ஊர்ந்து,
விடிய, மனுசி பெர்னதெத்தின்
முழங்கையில் இருந்தது.
கை நோ பறந்திட்டுது என்று
மாதாமேல் சத்தியம் பண்ணினாள்.
அதையும் கொப்பியில் எழுதினேன்:
நாள் நாலு. மருந்து ஆள் மாறிப் போனது.
இரண்டாவது தாளுக்குப் பசை வேறு.
குளித்தாலும் கிடந்தது.

நாள் பத்தொன்பது.
பாலையூற்றுக் கோயிலில்
எழுந்தேற்றத்துக்கு முழந்தாளிட்டேன்.
முழுதாய் இல்லை,
பின்வாங்கில் குண்டியை முண்டுகொடுத்து.
பெர்னதெத் பார்க்காததுபோல் பார்த்தாள்.
வயிறும் அன்று பேசாமல் கிடந்தது.

மருந்து எப்போது உள்ளே போனது,
எந்தச் சந்தால், தெரியாது.
சத்தமில்லை. சூடில்லை.
கொப்பியில் இரண்டு கட்டம்:
ஒட்டிய நேரம், கழற்றிய நேரம்.
சாவடியிலும் இப்படித்தான்
ஒரு பெரிய கொப்பி இருந்தது.
என்னோடு வேலைக்கு வந்த அமலதாசுக்கு
முதல் கட்டத்தில் ஏழு இருபது.
அடுத்தது வெறும் கட்டம்.
அவன் தாய் அதைப் பார்க்கக் கேட்டு
எத்தனை நாள் போனா.

பேனை கொஞ்சம் நின்றது.
பிறகு தாளின் மூலையை நகத்தால் கிளப்பி
மெல்ல உரித்தேன்.
ஆறு ஐந்து என்று எழுதினேன்.
முழங்காலில் சதுரமாய் ஒரு வெளிறல்,
ஒரு ஓரத்தில் பசை.
தேங்காயெண்ணெய் போட்டால் போகும் என்றா.