ஒற்றைக் கொடி

கூக்கால் கிளை அஞ்சலகத்தில்
காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை நான் போஸ்ட்டம்மா.
ஞாயிறு மூன்று மணிக்கு மன்னவனூர் மேய்ச்சல் வெளியில்
இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்கையிலும் அதே பெயர்தான்.
இந்தக் கிண்டலைக் கண்டுபிடித்தவன் சாகுல்.
அவனே சொல்லி அவனே சிரித்து
அவனே களைத்தும் போனான்.

பூம்பாறை, கவுஞ்சி, மன்னவனூர், பூண்டி.
நான்கு ஊர், நான்கு அணி.
கூக்காலில் ஆள் சேரவில்லை.
அதனால்தான் கொடி என் கையில்:
எந்த ஊருக்கும் ஆகாதவள்.

பதினெட்டுப் பேர் ஆடவேண்டியதை
ஒன்பது பேர் ஆடுகிறார்கள்.
மைதானம் முட்டை வடிவம் என்கிறது விதி.
எங்களுடையது யாரோ மிதித்த முட்டை.
மேற்குக் கோடி சரிந்து பூண்டு வயலில் முடியும்.

அந்தோணி மெல்போர்ன் குளிர்கிடங்கில்
மூன்று வருடம் பெட்டி அடுக்கினான்.
விசா முடிந்து வந்தபோது
இரண்டு பந்தும் ஒரு விசிலும் கொண்டுவந்தான்.
"என்னடா இது, பலாக்கொட்டை மாதிரி?"
உதைக்கலாம். குத்தலாம். எறியக்கூடாது.
கையில் வைத்து ஓடினால்
பதினைந்து தப்படிக்கு ஒருமுறை தரையில் தட்டணும்.
தட்டினால் எந்தப் பக்கம் எழும் என்பது
குழந்தை வேலப்பருக்கே தெரியாது.

கம்பங்கள் வாட்டில் மரம்.
அதுவும் அந்த நாட்டிலிருந்து வந்ததுதான் என்று
அந்தோணி பெருமையாகச் சொன்னான்.
"தெரியும். அதை வெட்டத்தான் எனக்குச் சம்பளம்"
என்றார் வனத்துறை வாட்சர் சடையாண்டி, கவுஞ்சியின் பின்களம்.
வெட்டியதில் நேரானவை எட்டைப் பார்த்து ஒதுக்கினார்.
சுண்ணாம்பு அடித்து நட்டோம்.

நெட்டைக் கம்பங்களுக்கு நடுவே போனால் ஆறு, இரண்டு கொடி.
குட்டைக் கம்பத்துப் பக்கம் போனால்,
கம்பத்தில் பட்டாலும்கூட,
ஒன்று, ஒரு கொடி.
குறி தப்பினதுக்கு எதுக்குய்யா மார்க்கு என்று
முதல் வருடம் முழுக்கச் சண்டை.
பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதிய பவுன்ராசு மட்டும்
கேள்வியே கேட்கவில்லை.

கடைசி ஆட்டம்.
பூம்பாறை நாற்பத்தொன்று, கவுஞ்சி நாற்பது.
வேலப்பன் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பி
பவுன்ராசு பந்தைப் பறித்தான்.
அப்புறம்தான் பால் வேன் ஹாரன் அடித்தது.
நேரம் முடிந்தாலும் அந்த ஓர் உதை அவனுக்கு உண்டு.

அவன் சாக்ஸை இழுத்துவிட்ட நேரத்தில்
பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது.
முதலில் அவன் கால்கள் போயின.
பிறகு அவன்.
உதைத்த சத்தம் மட்டும் வந்தது.
என் தலைக்கு மேல் ஏதோ நகர்ந்தது.
டொக்.

கம்பமா?
பின்னால் இன்னும் வெட்டாமல் நிற்கும் வாட்டிலா?
கம்பம் என்றால் சமம். மரம் என்றால் கவுஞ்சி.
இடது கம்பத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
நடுங்கியது. கம்பமோ கையோ.

ஒரு கொடியை ஆட்டினேன்.
கொடி வெள்ளை, பனி வெள்ளை.
"போஸ்ட்டம்மா, என்னாச்சு?"
பதினெட்டு ஆம்பளைகளும் உள்ளுக்குள் நின்று கத்தினார்கள்.
நடந்து போய்
கண்ணில் பட்டவரிடமெல்லாம் தனித்தனியாகச் சொன்னேன்,
தந்தி கொடுப்பதுபோல.
பவுன்ராசு கடைசி.
குனிந்து சாக்ஸை இறக்கிக்கொண்டே,
"ஒண்ணு வந்துச்சில்ல" என்றான்.

கோப்பை என்பது ஓர் எவர்சில்வர் குடம்.
ஊருக்கு ஆறு மாதம்.
மழைக்காலம் கவுஞ்சிக்கு.

புதன்கிழமை பேச்சியக்கா வந்து
பந்தை கவுண்டரில் வைத்தாள்.
"உங்காளுகளுதா? பாத்தியில கெடந்துச்சு.
நாலு செடி போச்சு, சொல்லிவை."

அவள் போனதும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மூன்று நாள் மழை.
மண், பூண்டு நாற்றம்,
தையலோரம் கொஞ்சம் வெளுப்பு.
சுண்ணாம்பாக இருக்கலாம்.
தேய்ந்த தோலாகவும் இருக்கலாம்.

பழக்கத்தில் தராசில் வைத்தேன்.
ஐந்நூற்றுப் பத்து கிராம்,
ஈரத்தோடு.