வலது மூன்று, இடது ஏழு

எந்த ஊர் என்றதற்கு ஓ.டி. என்றாள் அஞ்சலாட்சி.
"ஓ.டி.யிலேர்ந்து ஓ.டி.க்கு வந்திருக்கேன்" என்று
மயக்க ஊசிக்கு முன் அவளே சிரித்தாள்.
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
எல்லோரும் சொல்கிற ஜோக்தான்.
அவள் சொன்னபோது புதுசாக இருந்தது.

பித்தப்பையிலிருந்து பதினொரு கல்
பிளாஸ்டிக் டப்பாவில் வந்து சேர்ந்தன.
அவள் இன்னும் வரவில்லை.
ஐஸ் கம்பெனியில் இருபது வருஷம் ஈரம் குடித்த மார்பு
விசிலடித்தது. நெபுலைசர் வைத்தேன்.

அரை மணி கழித்து
இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன்.
வலது பாவை சுருங்கியது.
இடது,
மூடி தொலைந்த குழி மாதிரி
அப்படியே கிடந்தது.
மறுபடி அடித்தேன். பேட்டரி புதுசுதான்.

ஷீட்டில் எழுதினேன்: வலது மூன்று, இடது ஏழு.
தலைக்குள் ரத்தம் என்று யாரும் சொல்லவில்லை.
எல்லோரும் நினைத்தோம்.

சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார் டாக்டர் சகாயராணி.
முன்பே இப்படியா என்று பார்க்க
மகன் வடமலையிடம் ஆதார் அட்டை கேட்டோம்.
அந்தப் படத்தில்
யாருக்குத்தான் கண் இருக்கிறது?

ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் வந்து வாசலில் நின்றது.
பேர் சொன்னாள். கைகால் அசைத்தாள்.
டாக்டர் அவளை விட்டு
முகமூடியைப் பார்த்தார்.
அறுந்த ரப்பருக்குப் பதில் நான் முடிந்த கட்டுத்துணி.
மூக்குக்கு இடப்பக்கம் ஒரு விரல் சந்து.
மார்புக்கு விட்ட புகை
அந்த வழியாய்க் கண்ணுக்குப் போயிருக்கிறது.

கண் வார்டிலிருந்து சொட்டு மருந்து வந்தது.
"சுருங்கினா நரம்பு. தலைக்குள்ள தேடணும்.
சுருங்கலைன்னா புகைதான்."
இரண்டிலும் விட்டார்.

முக்கால் மணி நேரம்.
ஒரு கண் அசையக் கூடாதே என்று
என் ஒன்பது வருஷத்தில்
வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

வலது ஊசிமுனை ஆனது.
இடது அசையவில்லை.
அந்தக் கருப்புக்குள்
டார்ச்சோடு சின்னதாய் நான்.
ஸ்ட்ரெச்சரைத் திருப்பி அனுப்பினார்கள்.

காலையில் "இந்தக் கண்ணு கூசுதே" என்றாள்.
மருந்து பட்டிருக்கு, சரியாகிவிடும் என்றேன்.
யார் கட்டிய துணி என்று சொல்லவில்லை.
ரப்பர் கேட்டு ஸ்டோருக்கு எழுதினேன்,
மூன்றாவது தடவை.

இடது ஐந்தான அன்று
கல் டப்பாவை மடியில் வைத்து
ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.
வெயிலுக்கு அந்தக் கண்ணை மட்டும் மூடி
என்னைப் பார்த்தாள்.
கண்ணடித்த மாதிரி இருந்தது.
தெரிந்திருக்குமோ என்னவோ.